பேசாலை வீட்டுக்கு வந்த கொம்பனி

1. கேற்றடியில்

“மிஸ், குறை நினையாதேங்கோ. உங்களோட கதைக்கக் கூடாதெண்டு எங்களுக்குச் சொல்லியிருக்கினம்.”

இதைச் சொல்லிவிட்டு ரெஜினா கேற்றைச் சாத்தினார். வீட்டுக்குள் யாரோ நித்திரை கொள்வதுபோல மெதுவாகச் சாத்திக் கொளுக்கியையும் போட்டார். நான் மன்னார்க் கரையோர ஊரான பேசாலையின் வெயிலில் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். மன்னார் ரவுணில் பாங்கில் வேலைசெய்த அத்தனை வருஷத்தில் ஆட்கள் என்னை ஏசியிருக்கிறார்கள். நாயை அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். உள்ளே இருந்துகொண்டே “அம்மா இல்லை” என்று பிள்ளையைச் சொல்லவைத்திருக்கிறார்கள். இவ்வளவு மரியாதையாக என்னை ஒருவரும் வெளியில் நிறுத்தியதில்லை. எனக்குப் பயம் வந்ததே அந்த மரியாதையால்தான்.

நான் லோன் பகுதியில் இருந்தவள். லோன் கேட்டு வருகிறவர்களுக்கு பைல் தயாரிப்பதும் என் வேலை, தவணை நின்றுபோனால் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும் என் வேலை. இரண்டாவதை ரிக்கவரி என்போம். அதற்கு ஒருவரும் ஆசைப்பட்டு வருவதில்லை. ஓய்வுபெற்ற பிறகு, கிளையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ என்று கேட்டார்கள். எனக்கு உடனே நினைவில் வந்தது ரெஜினாவின் பைல்தான்.

அவரது வீட்டு லோனை எழுதியதே நான். புருஷன் மரியதாஸ் சொந்த வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். ரெஜினா மீன் வாங்கிக் கருவாடு போட்டு வவுனியா வியாபாரிகளுக்கு அனுப்புவார். போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்து பல வருஷம் தகரக் கொட்டிலில் இருந்தவர்கள், எங்கள் லோனில் மூன்று அறை வீடு ஒன்று கட்டினார்கள். காணி உறுதிப் பத்திரம் பாங்கில் ஈடாக இருந்தது. ஒவ்வொரு மாதமும் ரெஜினாவே கிளைக்கு வந்து கட்டுவார். கவுண்டரில் காசை வைக்கும்போது, “கருவாட்டு மணம் வருது எண்டு வட்டியைக் கூட்டிப் போடாதேங்கோ” என்று பகிடி விடுவார்.

வட்டி கூடத்தான் செய்தது. நாடு முழுக்க மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம். வெளியிணைப்பு எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளம் கரையில் கிடந்தது. அதே நேரம் வீட்டு லோன் வட்டியும் ஏறியது. அந்த லோனுக்கு வட்டி வருஷத்துக்கு ஒருமுறை மாறும். கடலுக்குப் போகாத மாதத்தில்தான் தவணை கூடியது. சங்கிலியை அடகுவைத்துச் சில மாதம் இழுத்தார்கள். பிறகு அரைகுறையாகக் கட்டினார்கள். பிறகு ஒன்றுமே வரவில்லை. ரெலிபோனும் எடுக்கவில்லை.

மனேச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “மிஸ், இந்த முறையும் ஆளைச் சந்திக்காட்டி நான் பைலை மேல அனுப்பத்தான் வேணும்.”

மேல என்றால் தலைமைக் கந்தோர், தலைமை அலுவலகம். அங்கே போனால் அடுத்தது ஏல அறிவித்தல். அதற்காகத்தான் அன்று பேசாலைக்குப் போனேன். கேற்றோடு திரும்பி வந்தேன்.

2. வாடியில் கதைக்கலாம்

கதைக்கக் கூடாதென்று சொன்னது யார்? வரும் வழியெல்லாம் அதுவே மண்டைக்குள் நின்றது. புருஷன் என்றால் “அவர் சொன்னவர்” என்றிருப்பார். “சொல்லியிருக்கினம்” என்றால் வெளியாட்கள்.

அடுத்த கிழமை வேறொரு வேலையாகப் பேசாலைக் கரைக்குப் போனேன். ரெஜினா தன் வாடியில், கருவாடு காயப்போடும் கொட்டிலடியில், நெத்தலியைக் கிளறிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் முகம் மாறியது. நான் கிட்டப் போகாமல், “வீட்டுக்கு வரேல்லை ரெஜினா. கரைக்குத்தான் வந்தனான்” என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். சுற்றும் முற்றும் பார்த்தார்.

“வீட்டில உங்களோட கதைக்கக் கூடாதெண்டுதான் சொன்னவை. போனிலயும் கூடாதாம். வாடியைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. வாங்கோ, நிழலுக்க வாங்கோ.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. ஒரு கவிழ்த்த மீன்பெட்டியில் இருந்தேன். அவர் மெல்ல மெல்லச் சொன்னார்.

கொழும்பில் இருந்து ஒரு கொம்பனி. வீடு பாங்கு ஏலத்துக்குப் போகவிருக்கிறவர்களுக்கு உதவி செய்கிறதாம். பிரதீப் என்று ஒருவர் ரை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். தன்னைக் கன்சல்டன்ட் என்று சொல்லியிருக்கிறார். முதலில் பதிவுக் காசு என்று ஒரு தொகை. அதற்கு ரெஜினா இருந்த காப்பையும் விற்றிருக்கிறார். பிறகு மாதம் மாதம், பாங்குக்குக் கட்டுகிற தவணையில் அரைவாசியைக் கொம்பனிக்குக் கட்டவேண்டும். கொம்பனி அதைச் சேர்த்துவைத்துப் பாங்கோடு பேசி, லோனைப் பாதியாக வெட்டி முடித்துத் தருமாம். அதுவரை பாங்குக்குச் சல்லிக்காசு கட்டக் கூடாது. கதைத்தால் பேச்சுவார்த்தை குழம்பிவிடுமாம்.

“ரெஜினா, உங்கட கணக்குக்கு ஆரிட்ட இருந்தும் ஒரு சதம் வரேல்லை” என்றேன். “உங்களுக்காகக் கதைக்கிறம் எண்டு ஒருத்தரும் எங்கட கந்தோருக்கு வரவும் இல்லை.”

“நீங்கள் இப்பிடித்தான் சொல்லுவியள் எண்டு அவர் முந்தியே சொன்னவர்.”

இதற்கு நான் என்ன சொல்வது? என்ன சொன்னாலும் பாங்குக்காரி சொல்கிறாள் என்றுதான் ஆகும்.

“சரி, என்னை நம்பாதேங்கோ. அவரிட்டயே கேளுங்கோ. பாங்கில கட்டின பற்றுச்சீட்டு ஒண்டு காட்டச் சொல்லுங்கோ. இல்லாட்டி எந்தக் கிளையில, எந்த உத்தியோகத்தரோட கதைச்சவர் எண்டு கேளுங்கோ.”

ரெஜினா நெத்தலியைப் பார்த்தபடி நின்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

“மிஸ், ஒண்டு சொல்லட்டே? நாங்கள் கட்டேலாமல் போன நேரம் உங்கட பாங்கில இருந்து கடிதம்தான் வந்தது. இங்கிலிஷில. சிவப்புச் சீல் குத்தி. அதைக் கண்டு இவர் ரெண்டு நாள் சாப்பிடேல்லை. அந்தத் தம்பி வீட்டுக்கு வந்து கதிரையில இருந்து தேத்தண்ணி குடிச்சவர். பயப்பிடாதேங்கோ அக்கா எண்டு சொன்னவர். நாங்கள் ஆரை நம்புறது?”

“பாங்குக்கு வந்து தவணையைக் குறைச்சுத் தாங்கோ எண்டு கேக்கலாம். அதுக்குக் காசு கட்டத் தேவையில்லை” என்றேன்.

“அப்பிடிக் கேக்கலாமெண்டு ஆருக்குத் தெரியும்?” என்றார்.

வாடியை விட்டு வரும்போது என் ரெலிபோன் இலக்கத்தை அவருடைய மீன் கணக்குத் துண்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். கந்தோர் இலக்கத்தோடு என் சொந்த இலக்கத்தையும் எழுதினேன். மனேச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லி, பைலை இன்னும் கொஞ்ச நாளைக்கு அனுப்பவேண்டாம் என்று கேட்டேன். “உங்களுக்காகத்தான் பொறுக்கிறன், மிஸ்” என்றார்.

3. தமிழில வாசி

சில நாள் கழித்து, கந்தோரில் எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பும் நேரம், ரெஜினா போன் எடுத்தார்.

“மிஸ், பற்றுச்சீட்டைக் கேட்டனான். அவருக்குக் கோவம் வந்திட்டுது. நாளைக்குக் கடைசிப் பத்திரத்தோட வாறாராம். கையெழுத்து வைச்சால் எல்லாம் முடியுமாம். இவர் வைக்கிறதெண்டு நிக்கிறார். நீங்கள் வரேலுமோ?”

“வீட்டுக்கோ?”

“ஓம். வீட்டுக்குத்தான்.”

மனேச்சரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “போங்கோ. ஆனா சட்டம் சொல்லப் போகாதேங்கோ. பிறகு பாங்கு வெருட்டினது எண்டு கதை வரும். கையெழுத்து வைக்கிறதுக்கு முந்தி, உறுதி எழுதுற தங்கட நொத்தாரிசிட்டக் காட்டச் சொல்லுங்கோ. அவ்வளவுதான்.”

அடுத்த நாள் கேற் திறந்திருந்தது. முன் அறையில் மரியதாஸ் சாரத்தோடு ஒரு கதிரையில் இருந்தார். பெரிய உடம்பு, கடல் வெயிலில் கறுத்த முகம். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எதிரில் பிரதீப். நல்ல பெடியன் போலத்தான் இருந்தார். எழும்பி நின்று “வணக்கம் மேடம்” என்றார்.

“தம்பி, எங்கட கிளையில ஆரோட கதைச்சனீங்கள்?” என்று கேட்டேன்.

“நாங்கள் ஹெட் ஒஃபிஸ் லெவலில கதைக்கிறம், மேடம். கிளைக்கு அதெல்லாம் தெரிய வராது.”

“இவையிட்ட வாங்கின காசு எங்க?”

“அது எங்கட செக்யூரிட்டி எக்கவுண்டில இருக்கு. செற்றில்மென்ற் முடியேக்க ஒண்டாக் கட்டுவம்.”

ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. மரியதாஸ் என்னைப் பார்த்து முதல்முறையாகக் கதைத்தார்.

“மிஸ், நீங்கள் எதுக்கு இப்ப வந்தனீங்கள்? மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளம் கிடந்த நேரம் உங்கட பாங்கில ஒருத்தரும் இந்தப் பக்கம் வரேல்லை. வட்டியை மட்டும் ஏத்தினியள். இந்தத் தம்பிதான் வந்தவர்.”

“அண்ணை, நீங்கள் சொல்லுறது சரி” என்றேன். “நான் உங்களுக்குச் சட்டம் சொல்ல வரேல்லை. கையெழுத்து வைக்கிறதுக்கு முந்தி உங்கட நொத்தாரிசு ஒருத்தரிட்டக் காட்டுங்கோ. அதைச் சொல்லத்தான் வந்தனான்.”

“இண்டைக்கே வைக்க வேணும்” என்றார் பிரதீப். “நாளைக்கெண்டால் ஒஃபர் போயிடும்.”

மரியதாஸ் பத்திரத்தைக் கையில் எடுத்துப் புரட்டினார். முழுக்க இங்கிலிஷ்.

“தம்பி, இதில என்ன கிடக்கு? தமிழில வாசி.”

“சும்மா ஒரு அனுமதி, அண்ணை. உங்களுக்காகப் பாங்கோட கதைக்கிறதுக்கு.”

“வாசி எண்டுதானே சொன்னனான்.”

பிரதீப் இரண்டு வரியில் ஏதோ சொன்னார். ரெஜினா தேத்தண்ணிக் கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டுப் புருஷனின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். பத்திரத்தைக் குனிந்து பார்த்தார். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலிஷ் எழுத்துகள் அவருக்கு ஞாபகம் இருந்தன. விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

“எஸ்... ஈ... எல்... எல்.”

ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். “செல்.” பிறகு சத்தமாக, “இஞ்சேருங்கோ, செல் எண்டால் விக்கிறது.”

மரியதாஸ் என் பக்கம் திரும்பினார். “மிஸ், வீடு விக்கிற கதையோ இது?”

“சட்டப்படி என்ன எண்டு நொத்தாரிசுதான் சொல்லவேணும், அண்ணை. தலைப்பில அற்றோணித் தத்துவம் எண்டு கிடக்கு. உங்கட பேரில இன்னொருத்தர் செய்யலாம் எண்டு அர்த்தம். ரெஜினா காட்டின சொல்லுக்கு விக்கிறது எண்டுதான் அர்த்தம்.”

பிரதீப் பேச வாயெடுத்தார். மரியதாஸ் கையைக் காட்டி நிறுத்தினார். பத்திரத்தை மடித்து மெதுவாக அவர் முன்னால் வைத்தார். அவர் கத்துவார் என்று நான் நினைத்தேன். கத்தவில்லை.

“தம்பி, ஊத்தின தேத்தண்ணியைக் குடி. குடிச்சிட்டு வெளிக்கிடு.”

பிரதீப் குடிக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு போனார். மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கை முடியும்வரை கேட்டது. பிறகு ரெஜினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மரியதாஸ் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “என்ர காப்பு, என்ர காப்பு எண்டு சொல்லிச் சொல்லி வித்தவள்” என்றார். அதை யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

4. மேல் கந்தோர்

கொம்பனிக்காரன் போனதோடு கதை முடிந்துவிட்டது என்று புதியவர்கள் நினைக்கவேண்டாம். வீடு அப்போதும் ஏலத்துக்குப் போகிற வழியில்தான் நின்றது. கொம்பனியிடம் போன மாதங்களில் நிலுவையும் தண்ட வட்டியும் இன்னும் ஏறியிருந்தன.

ரீஷெடியூல் என்றால் என்ன என்று இருவரையும் கந்தோரில் இருத்திச் சொன்னேன். லோன் காலத்தை நீட்டினால் மாதத் தவணை குறையும். அதற்குள் நாட்டில் வட்டியும் இறங்கத் தொடங்கியிருந்ததால் இறங்கிய வட்டியைக் கேட்கலாம். தண்ட வட்டியில் கழிவு கேட்கலாம். ஆனால் மொத்தமாகப் பார்த்தால் கூடுதலான காலம் கட்டவேண்டி வரும். இதை மறைக்காமல் சொல்லவேண்டும். சொன்னேன்.

“அப்ப எனக்கு வயசு போனாப் பிறகும் கட்டவேணும்” என்றார் மரியதாஸ்.

“ஓம் அண்ணை.”

“வீடு இருக்குமெல்லோ?”

“மேல சம்மதிச்சால் இருக்கும்.”

எங்கள் விண்ணப்பத்தை மேல் கந்தோர் முதல்முறை திருப்பி அனுப்பியது. வருமானத்துக்கு ஆதாரம் போதாதாம். மீன்பிடிக் குடும்பத்துக்குச் சம்பளத் துண்டு எங்கே? நான் மறுபடி எழுதினேன். மனேச்சர் போனில் கதைத்தார், இரண்டு நாள் விட்டு மறுபடியும் கதைத்தார். கடைசியில், “நாங்கள் எழுதிறதை விட நீங்கள் ஒருதரம் வந்து பாருங்கோ சேர்” என்று மேலுக்குச் சிபார்சு செய்கிற பிராந்தியக் கந்தோர் அதிகாரியைக் கேட்டார். அந்த ஐயா சிங்களவர், நல்ல அமைதியான மனிதர். வந்தார்.

ரெஜினா வாடியைக் காட்டினார். காய்கிற கருவாட்டையும், கட்டி அடுக்கியிருந்த பெட்டிகளையும், வவுனியாவில் இருந்து முற்பணம் போட்டிருந்த வியாபாரியின் பெயரையும் காட்டினார். மொழிபெயர்க்க நான் தயாராக நின்றேன். எனக்கு வேலை இருக்கவில்லை. தெற்கில் இருந்து வாடிக்கு வருகிற மீனவர்களோடு பழகி மரியதாஸ் சிங்களம் கதைப்பார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எந்த மாதம் எந்த மீன் படும், எந்த மாதம் கடல் இல்லை என்று இருவரும் வள்ளத்தின் விளிம்பில் இருந்துகொண்டு கதைத்தார்கள். ஐயா திரும்பும்போது கையில் ஒரு கருவாட்டுப் பொதியோடு வாகனத்தில் ஏறினார். அதற்குக் காசு கொடுத்தார், ரெஜினா வாங்க மாட்டேன் என்று சொல்லியும் கட்டாயமாகக் கொடுத்தார்.

அனுமதி வந்தது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. தண்ட வட்டியில் ஒரு பகுதியைத்தான் கழித்தார்கள். ஆனால் காலம் நீண்டது, வட்டி இறங்கியது, மாதத் தவணை அவர்களால் கட்டக்கூடிய அளவுக்கு வந்தது. புதிய ஒப்பந்தத்தைத் தமிழில் முழுதாக வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்கினேன். வாசித்து முடிக்க அரைநாள் போனது. மரியதாஸ் இடையிடையே நிறுத்தி நிறுத்திக் கேட்டார். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

5. பூசைக்குப் பிறகு

கொம்பனிக்குக் கொடுத்த காசுக்காகப் பொலிசில் முறைப்பாடு கொடுத்தார்கள். பல தடவை அலைந்து கடைசியில் ஒரு பங்கு திரும்பி வந்தது. முழுக்க வரவில்லை. விற்ற காப்பு விற்றதுதான்.

இதற்கிடையில் எனக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. அதே பிரதீப் பேசாலையில் வேறு வீடுகளுக்கும் போயிருக்கிறார். யார் யார் என்று எவரும் சொல்லத் தயாராக இல்லை. லோன் கட்ட முடியவில்லை என்பதே வெட்கம். அதற்கு மேல் ஏமாந்தது இன்னும் வெட்கம். ரெஜினாவுக்கும் அந்த வெட்கம் இருந்தது.

ஆனாலும் அவர்தான் பங்குத் தந்தையிடம் போனார். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும், பாதர் ஆட்களைக் கொஞ்சம் இருக்கச் சொன்னார். நானும் மனேச்சரும் பின்னால் நின்றோம். ரெஜினா முன்னால் வந்து நின்றார். முக்காட்டை இழுத்துச் சரிசெய்தார்.

“நான் காப்பை வித்து ஒரு கொம்பனிக்குக் காசு கட்டினனான்” என்று தொடங்கினார். “எங்கட வீட்டைக் காப்பாத்தித் தாறம் எண்டவை. வீட்டை விக்கிற பத்திரத்தைத்தான் கொண்டுவந்தவை. உங்களிலயும் ஆரும் கட்டுறியள் எண்டால் எனக்குத் தெரியாது. நான் கேக்கவும் மாட்டன். ஆனா நிப்பாட்டுங்கோ. நேர பாங்குக்குப் போங்கோ. அங்க கேக்கிறதுக்குக் காசு கட்டத் தேவையில்லை. நான் போய் வந்தனான்.”

அவ்வளவுதான் பேசினார். ஒருவரும் கை தட்டவில்லை. கோயிலுக்குள் அப்படிச் செய்கிற வழக்கமும் இல்லை. ஆட்கள் வெளியே போகும்போது ஒரு வயதான மனிதர் எங்கள் பக்கம் வந்து, முகத்தைப் பார்க்காமல், “நாளைக்குக் காலமை எத்தினை மணிக்குத் திறப்பியள்?” என்று கேட்டார். அவர் வந்தார். அந்தக் கிழமை அவருக்குப் பின்னால் வேறு சிலரும் வந்தார்கள். எல்லாப் பைலும் ரெஜினாவினுடையதுபோல முடியவில்லை. ஒரு குடும்பம் காணியில் ஒரு துண்டை விற்றுத்தான் கடனைத் தீர்த்தது. ஆனாலும் அவர்களே விலை பேசி, அவர்களே விற்றார்கள். மற்றத் துண்டில் வீடு நிற்கிறது.

6. புதிதாக வருகிறவர்களுக்கு

நீங்கள் கவுண்டரில் இருக்கும்போது யாராவது இப்படிச் சொல்வதைக் கேட்பீர்கள்: ஒரு கொம்பனி உதவி செய்கிறது, முதலில் காசு கேட்டது, பாங்கோடு கதைக்கக் கூடாது என்றது, தவணையைத் தன்னிடம் கட்டச் சொன்னது. இதில் ஒன்றைக் கேட்டாலே பேனையைக் கீழே வைத்துவிட்டு அவரை இருத்திக் கதையுங்கோ. காணி உறுதியைப் பற்றியோ கையெழுத்தைப் பற்றியோ பேச்சு வந்தால் நொத்தாரிசிடம் போகச் சொல்லுங்கோ. ஏமாந்தீர்களே என்று மட்டும் சொல்லிவிடாதேங்கோ. அதற்குப் பிறகு அவர் உங்களிடம் வரமாட்டார்.

கிளையில் நாங்கள் ஒன்றை மாற்றினோம். தவணை நின்ற முதல் மாதமே ரெலிபோன் எடுப்பது, எடுக்காவிட்டால் நேரே போவது. கடிதத்தின் முதல் பக்கம் தமிழில் இருக்கவேண்டும், அதில் “கட்ட முடியாவிட்டால் வந்து கதையுங்கோ, கதைக்கக் காசு கட்டத் தேவையில்லை” என்று எழுதவேண்டும். தலைமைக் கந்தோரில் இதற்கு அனுமதி எடுக்க மனேச்சர் பட்ட பாடு தனிக் கதை. சிவப்புச் சீல் குத்துவதை மட்டும் அவராலும் நிறுத்த முடியவில்லை. அந்தப் பயந்த வீடுகளுக்கு முதலில் போய்ச் சேருகிறவரைத்தான் ஆட்கள் நம்புகிறார்கள். அது நாங்களாக இருக்கவேண்டும். நான் இந்த வேலையில் படித்தது அவ்வளவுதான்.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில கிழமைக்கு முன், கார்த்திகை மாதக் கடைசியில், ரெஜினா கந்தோருக்குப் போன் எடுத்தார். தவணைத் திகதிக்கு இன்னும் பத்து நாளுக்கு மேல் இருந்தது.

“மிஸ், வாடை அடிக்கத் துவங்கிட்டுது. கடல் இல்லை. கருவாடும் காயுதில்லை. வாற தவணையில அரைவாசிதான் கட்டுவன். மிச்சத்தைத் தைக்குப் பிறகு சேர்த்துக் கட்டுறன். முந்தியே சொல்லுறன், எழுதி வையுங்கோ.”

“எழுதிட்டன்” என்றேன்.

“பிறகு, உங்கட கந்தோரில புதுசாச் சேந்த பிள்ளையை ஒருக்கா இந்தப் பக்கம் அனுப்புங்கோ. பக்கத்து வீட்டுப் பிள்ளை லோன் எடுக்கப்போறாளாம். எடுக்கிறதுக்கு முந்தி எல்லாத்தையும் கேட்டு விளங்கிக்கொள்ளட்டும்.”